தாத்தாவின் ஹோண்டாவை விட்டு நகராத மகன்: மோட்டார் சைக்கிள் ஆசை பிழைப்பாகுமா?

பிறைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகன் மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். என் மாமனார் விட்டுச் சென்ற பழைய ஹோண்டா சி70 வீட்டின் பின்புறம் நிற்கிறது. காலையில் எழுந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். சாப்பிடக்கூட இரண்டு முறை அழைக்க வேண்டும். ஆறாம் படிவம் வேண்டாம், மோட்டார் சைக்கிள் பட்டறையில் சேர்கிறேன் என்று போன வாரம் சொன்னான்.

"எண்ணெய்க் கறையோடு நிற்பதற்கா தமிழ்ப்பள்ளியிலிருந்து இவ்வளவு தூரம் படிக்க வைத்தோம்?" என்று என் கணவர் கேட்கிறார். இருவரும் மூன்று நாட்களாகப் பேசிக்கொள்ளவில்லை. அவனுக்கு வேறு எதிலும் இப்படி ஓர் ஈடுபாடு வந்து நான் பார்த்ததில்லை. மோட்டார் சைக்கிள்மேல் இருந்த ஆசையே தொழிலாகி, குடும்பத்தையும் காப்பாற்றியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பத்துமலை அன்பர்

முதலில் படிப்பை முடிக்கச் சொல்லுங்கள். நான் கணக்கராக இருக்கிறேன்; ஞாயிறுதோறும் நண்பர்களோடு கெந்திங் மலைச் சாலையில் ஓட்டுகிறேன். ஆசையைத் தொழிலாக்கினால் ஆசையும் போய்விடும், தொழிலும் கசந்துவிடும்.

பட்டர்வொர்த் லேத்காரர்

சகோதரி, 1988இல் நான் ஐந்தாம் படிவம் முடித்தபோது என் அம்மாவுக்கும் இதே கவலை இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை செய்தார். 1985இல் பினாங்குப் பாலம் திறந்ததும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பதின்மூன்றரை கிலோமீட்டரையும் ஓட்டிக் காட்டினார். கடலைப் பார், கப்பலைப் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் காதெல்லாம் சங்கிலி உறைக்குள் எதுவோ தட்டும் ஓசையில்தான் இருந்தது. தீவில் இறங்கியதும், "அப்பா, சங்கிலி தளர்ந்திருக்கிறது" என்றேன். அவர் வண்டியை ஓரம் கட்டி, குனிந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

பள்ளி முடிந்ததும் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில் சேர்ந்தேன். ஆறு மாதம் சக்கரம் கழற்றுவதும் எண்ணெய் மாற்றுவதும்தான் வேலை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சலித்துவிட்டது. அப்போது யமஹா ஆர்எக்ஸ்-இசட் எல்லா இளைஞர்களின் கனவாக இருந்தது. தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து வாங்கிவர தவுக்கே என்னை ஒரு லேத் (கடைசல் எந்திரம்) பட்டறைக்கு அனுப்புவார். அங்கே இருந்த முதிய கைவினைஞர் மைக்ரோமீட்டரைக் காதருகே வைத்துத் திருகி அளவு பார்ப்பதைக் கண்டேன். மறுநாளே, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அவரிடம் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அங்கே நான் செய்த பெரிய தவற்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆர்எக்ஸ்-இசட் சிலிண்டரை அவசரமாகக் கடைந்து, சூடு ஆறும் முன்பே அளந்து, சரியாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டேன். அதன் துளை 56 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு முப்பது பாகை சூடேறினாலே அந்த அகலத்தில் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் விரிந்துவிடும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள்தான். சிலிண்டர் ஆறியதும் துளை சுருங்கியது. ஓடும்போது பிஸ்டன் இறுகிப் பிடித்து, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டிக்காரர் சாலையில் விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பினார். ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. அந்தச் சிலிண்டரைச் சூடாக ஒரு முறை, இரவு முழுவதும் ஆறவிட்டு ஒரு முறை அளக்க வைத்தார். இரண்டு எண்களையும் சுவரில் எழுதச் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை ஆறாத இரும்பை நான் அளந்ததில்லை.

பிறகு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஓர் உலோகத் துண்டையும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். "காய்ச்சல் நேரத்துக் கை மாதிரி இது சூடாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். வேலை கிடைத்தது. கணினி வழி இயங்கும் கடைசல் எந்திரங்களை அங்கேதான் கற்றேன்; அந்த வருமானத்தில் இரண்டு தங்கைகளுக்குத் திருமணம் செய்தோம். ஆர்எக்ஸ்-இசட் உற்பத்தி 2011இல் நின்ற பிறகு, பழையதைப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள் தேடி வரத் தொடங்கினார்கள். வேலையை விட்டு வந்து சொந்தமாக லேத் போட்டேன். இப்போது கெடாவிலிருந்தும் சிலிண்டர் வருகிறது.

பத்துமலை அன்பரே, எனக்கு இன்னும் ஒன்றும் கசக்கவில்லை. ஆனால் நான் வண்டி ஓட்டுவதைத் தொழிலாக்கியிருந்தால் நீங்கள் சொன்னது நடந்திருக்கலாம்.

ஆகவே சகோதரி, "மோட்டார் சைக்கிளில் எது பிடிக்கும்?" என்று தம்பியிடம் கேளுங்கள். ஓட்டுவதா, ஓசையா, கழற்றுவதா, அளப்பதா, கோளாறைக் கண்டுபிடிப்பதா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிலுக்குக் கொண்டுபோகும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டறையில் விட்டால், என்னைப்போல ஆறே மாதத்தில் சலித்துப்போவான். எனக்குப் பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை இருந்தது. அவனுக்கு என்ன இருக்குமோ!

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஹோண்டா மோட்டார் சைக்கிளை 1958இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த லோ பூன் சியூ, இதே பினாங்கில் சிறு வயதில் பஸ் கழுவி, மெக்கானிக் வேலை கற்றவர்தான். உங்கள் வீட்டுப் பின்புறத்தில் நிற்கிற வண்டியும் அந்த வழியில் வந்ததுதான்.

வெறும் பட்டறை அனுபவம் மட்டும் போதாது. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்றாம் நிலைவரை உண்டு. அதற்கு மேல் டிப்ளோமாவும் இருக்கிறது. கெப்பாலா பத்தாஸில் தொழில்திறன் பயிற்சிக் கழகம் உள்ளது, நேரில் போய் விசாரியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்குத் திறன் மேம்பாட்டு நிதியிலிருந்து கடனுதவியும் பெறலாம்.

செந்தூல் தங்கை

நான் கோலாலம்பூரில் உடலியக்கச் சிகிச்சையாளராக இருக்கிறேன். அண்ணன் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து கிடந்தபோது, அவரை மீண்டும் நடக்க வைத்தவர்களைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பை எடுத்தேன். இன்றும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். அதன்மேல் எனக்கு வெறுப்பு இல்லை.

நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் உங்கள் மகன் வயதுடையவர்கள். அக்கா, உரிமம் எடுக்கும் முன் அவனை ஓட்ட விடாதீர்கள். சிரிம் தரச்சான்று முத்திரை உள்ள தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள். தாடைப்பட்டையை அவன் பூட்டுகிறானா என்று வாசலில் நின்று பாருங்கள்.

பிறைவாசி

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் சொன்னபடி நேற்று இரவு கேட்டேன். பதில் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தான். பக்கம் பக்கமாகக் கம்பிகளின் படம், ஒவ்வொன்றின் நிறத்தோடும். "வேகம் குறைந்தால் தலைவிளக்கு மங்குகிறது, சுருளில் மின்சாரம் குறைவதால்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தான். ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக மாற்றலாமா என்று இன்னொரு பக்கம் முழுக்கக் கணக்கு.

அவன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் புரட்டினார். தொழிற்சாலையில் அவர் மின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். "இந்தக் கம்பியை இங்கே தவறாக இணைத்திருக்கிறாய்" என்றார். அதன் பிறகு இருவரும் விளக்கு எடுத்துக்கொண்டு பின்புறம் போனார்கள். பதினொன்றரை மணிக்குத்தான் உள்ளே வந்தார்கள்.

பட்டர்வொர்த் லேத்காரர்

அப்படியானால் அவன் என் பட்டறைக்கு வரவேண்டிய பிள்ளை இல்லை. மின்சாரம் படிக்க வேண்டிய பிள்ளை. இப்போது வண்டிகளில் கார்புரேட்டர் போய் மின்னணு எரிபொருள் செலுத்தி வந்துவிட்டது, பேட்டரி வண்டிகளும் வருகின்றன. கம்பியைப் படிக்கத் தெரிந்தவர்களைத்தான் பட்டறைகள் தேடுகின்றன. பயிற்சிக் கழகத்தில் மின் பிரிவையும் சேர்த்து விசாரியுங்கள். முதலில் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள்.

ஆறு வோல்ட் சுருளைப் பிரித்துச் சுற்றும் ஒருவரை எனக்குத் தெரியும். சனிக்கிழமை அப்பாவையும் மகனையும் சேர்ந்து வரச் சொல்லுங்கள், அழைத்துப் போகிறேன். நோட்டுப் புத்தகத்தை மறக்காமல் எடுத்து வரட்டும்.