ஒரே சிஎன்சி, நாலு வேலை: கூடுதல் செலவை எதில் போடுவது?

லேத்_பட்டறை:
ஒரே சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்). கையில் நாலு வேலை: 2, 3, 5, 6 மணி நேரம். கூடுதல் ஹெல்பர் போட்டால் எந்த வேலையிலும் அதிகபட்சம் 1 மணி குறையும், செலவு ₹250. முடியாமல் கிடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் மணிக்கு ₹100 நஷ்டம். 6 மணி வேலைதான் பெரிசு, அதில் குறைப்பதுதானே சரி?

வரிசைக்காரன்:
இல்லைங்க. வேலையின் நீளத்தை விடுங்க, அது எந்த இடத்தில் ஏறுகிறது என்று பாருங்க. சின்ன வேலை முதலில் என்று அடுக்கினால் முடியும் நேரங்கள் 2, 5, 10, 16. கூட்டினால் 33, அதாவது ₹3,300. முதல் வேலையில் 1 மணி குறைந்தால் நாலுமே 1 மணி முன்னால் முடியும்: ₹400 மிச்சம். இரண்டாவதில் 300, மூன்றாவதில் 200, கடைசியில் வெறும் 100. ₹250-ஐத் தாண்டுவது முதல் இரண்டு இடம்தான். அந்த இரண்டில் குறைத்தால் 1, 3, 8, 14. ₹2,600, ஹெல்பர் ₹500, ஆக ₹3,100. 6 மணி வேலையில் போட்டால் ₹3,450, ஒன்றும் செய்யாததைவிட மோசம்.

லேத்_பட்டறை:
குறைக்கும் செலவும் அளவும் வேலைக்கு வேலை மாறினால்?

வரிசைக்காரன்:
அப்போது சின்னது முதலில் என்பது உடைந்துவிடும். எக்செல்லில் 4×4 கட்டம் போடுங்க: வேலைகள் கிடையாக (row), இடங்கள் செங்குத்தாக (column). இட மதிப்பு, அதாவது அந்த இடத்தில் ஒரு மணிக்கு ஆகும் நஷ்டம், 400, 300, 200, 100. கட்டத்தில் இட மதிப்பு × முழு நேரம். இட மதிப்பு ஒரு மணி குறைக்கும் செலவைவிட அதிகமானால் அந்த வித்தியாசம் × குறையும் மணியைக் கழியுங்க. ஒரு வேலைக்கு ஒரு இடம், மொத்தம் மிகக் குறைவாக வர வேண்டும் என்று சால்வரில் (எக்செல்லில் சிறந்த விடையைத் தேடித் தரும் வசதி) கொடுத்தால் வரிசையும் வந்துவிடும், குறைப்பும் வந்துவிடும். தாமத நஷ்டம் பார்ட்டிக்குப் பார்ட்டி வேறு என்றால் இந்தக் கட்டம் செல்லாது. அப்போதும் நாலு வேலையை அடுக்க 24 வழிதான், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

கார்பைடு_டிப்:
ஸ்பீடு ஏற்றி நேரம் குறைக்க நினைப்பவர்கள் கவனிக்க. கார்பைடு இன்சர்ட்டில் (மாற்றிப் போடும் வெட்டும் டிப்), ஸ்பீடையும் டிப் ஆயுளையும் இணைக்கும் டெய்லர் சூத்திரத்தின் அடுக்கு சுமார் 0.25. கட்டிங் ஸ்பீடு 20% ஏறினால் டிப் ஆயுள் பாதிக்கும் கீழே போகும். பலனோ குறைவு: ஒரு பீஸுக்கு ஆகும் 6 நிமிட சைக்கிளில் 2 நிமிடம் லோடிங் (பீஸை மாட்டுவது) என்றால் மீதி 4 நிமிடம்தான் 3.33 ஆகும். முதலில் செட்டிங்கை, அதாவது அடுத்த வேலைக்கு மெஷினைத் தயார் செய்யும் நேரத்தைக் குறையுங்க. அடுத்த வேலையின் சாஃப்ட் ஜா (பீஸைப் பிடிக்கும், அளவுக்குக் கடைந்துகொள்ளும் தாடை), டூல் ஹோல்டர், புரோகிராம் மூன்றும் மெஷின் ஓடும்போதே தயாராக இருக்கட்டும்; ஹெல்பருக்குத் தரும் காசு அங்கேதான் முழுசாகத் திரும்பும். சாஃப்ட் ஜாவைப் புதிதாக போர் செய்ய (உள்ளே அளவுக்குக் கடைய) வேண்டியிருந்தால் மட்டும் அந்த நேரத்தை வேலையோடு சேர்த்தே எழுதுங்க, அது மெஷினில்தான் நடக்கும்.