1916 ரைஃபிளுக்கு எந்த முன்கட்டை? 'காலத்துக்குச் சரியான பாகம்' என்றால் எந்தக் காலம்?

எண்ணெய்த்துணி:
என்னிடம் இருப்பது 1916 முத்திரை போட்ட, பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ தயாரித்த எஸ்.எம்.எல்.இ மார்க் 3 ஸ்டார், அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள். போருக்குப் பிறகு யாரோ வேட்டைக்கு எடை குறைக்கிறேன் என்று முன்கட்டையை, அதாவது பேரலுக்கு அடியில் ஓடும் மரத்தை, நடு வளையத்துக்குச் சற்று முன்னால் ரம்பத்தால் அறுத்துவிட்டார்கள். நோஸ்கேப் (கட்டையின் முனையை மூடும் உலோகப் பாகம்), முன் ஹேண்ட்கார்டு (பேரலை மேலே மூடும் மரம்), உள்வளையம் (கட்டைக்குள் பேரலைப் பிடிக்கும் வளையம்), அதன் ஸ்க்ரூ, ஸ்ப்ரிங் எதுவும் இல்லை. நல்லவேளை, பேரலைத் தொடவில்லை. 25.2 அங்குலமும் அப்படியே இருக்கிறது. இப்போது இரண்டு வழி தெரிகிறது. இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை முன்கட்டை ஒன்று கிடைக்கிறது. இல்லையென்றால் புதிதாகக் கடைந்த வால்நட் கட்டை. எது சரி?

பித்தளைத்திருகு:
இரண்டுமே வேண்டாம். இஷாப்பூர் கட்டையில் மேகசினுக்கு முன்னால் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போகும், மரத்துக்கு வலு சேர்க்க. 1916 பர்மிங்ஹாம் துப்பாக்கிக்கு அது கிடையாது. துளையை அடைத்து மெருகு போட்டாலும் தெரிந்தவன் கண் முதலில் அங்கேதான் போகும். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலைக் கட்டையும் ஏறக்குறைய அதே கதை. இரண்டாம் உலகப்போர் காலத்து லித்கோ மரத்தில் 'ஸ்லாஸ்' என்று முத்திரை பார்க்கலாம். டென்னிஸ் மட்டை செய்த அதே ஸ்லாசெஞ்சர்தான். அதை 1916-இல் மாட்டினால் தாத்தாவின் கல்யாணப் படத்தில் பேரனை நிற்க வைத்த மாதிரி. கிரீடமும் எண்ணும் குத்திய பிரிட்டிஷ் வால்நட் வரும்வரை பொறுங்கள். ஒரு உள்வளைய ஸ்ப்ரிங்குக்கு நான் 3 வருடம் காத்திருந்தேன்.

சுடுகளம்:
ஸ்ப்ரிங்குக்கு 3 வருடம் என்றால் கட்டைக்கு 30 வருடமா? முன்கட்டை அலங்காரப் பொருள் இல்லை நண்பரே. சுடும்போது வரும் உதை கட்டையின் பின்பகுதியில் இரண்டு சின்ன முகங்களில் போய் விழுகிறது. டிராஸ் என்பார்கள். நூறு வருடம் எண்ணெய் குடித்த மரத்தில் அந்த முகங்கள் நசுங்கிக் கிடக்கும். ரிசீவர் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் உடல்பகுதி) ஆடும், குறி சிதறும், கடைசியில் மரம் பிளக்கும். லித்கோவில் மென்மையான கோச்வுட் மரத்துக்கு மாறிய பிறகு அங்கே செப்புத் தகடே வைத்தார்கள், சும்மாவா? புது வால்நட் வாங்கி அந்த முகங்களைக் கரி தடவிப் பார்த்துச் செதுக்கி உட்கார வையுங்கள். ரைஃபிள் சுடுவதற்குத்தான்.

பழம்பெட்டி:
இரண்டு பேரும் 'சரி' என்ற சொல்லைக் கேள்வி கேட்காமலே சண்டை போடுகிறீர்கள். எந்தக் காலத்துக்குச் சரி? தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றைக்கா? 1916-இல் பிறந்த துப்பாக்கி எத்தனை முறை பட்டறைக்குப் போயிருக்கும்! ஆர்மரர், அதாவது ராணுவத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர், பாகத் தொட்டியில் கையை விட்டு, வந்த பாகத்தை மாட்டியிருப்பார். பி.எஸ்.ஏ ரிசீவரில் 'இ.எஃப்.டி' என்று என்ஃபீல்டு முத்திரை போட்ட பாகம் இருந்தால் அது தப்பில்லை, அது அந்தத் துப்பாக்கி போட்ட சர்வீஸ்.

அமெரிக்க ராணுவத்தின் எம்1 கராண்ட் ரைஃபிளைப் பாருங்கள். போர்க்காலத்து லாக்பார் வகைப் பின்குறியை (குறிபார்க்க உதவும் பின்பக்கப் பாகம்) போருக்குப் பிறகு ராணுவப் பட்டறைகளே கழற்றிவிட்டுப் புது வகையைப் போட்டன. இன்றைய சேகரிப்பாளர் அந்தப் புது வகையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பாகத்திலும் உள்ள வரைபட எண்ணையும் அதன் வாலில் உள்ள எஸ்.ஏ (ஸ்பிரிங்ஃபீல்டு), டபிள்யூ.ஆர்.ஏ (வின்செஸ்டர்) எழுத்தையும் பார்த்துப் பொறுக்கி 'சரியான 1943' ஒன்றைச் செய்கிறார். சீரியல் எண் ரிசீவரில் மட்டும்தான், யார் மறுக்க முடியும்? இரண்டு கை மாறியதும் 'சரியான' என்ற சொல் உதிர்ந்து 'அசல்' ஆகிவிடும். என்னைக் கேட்டால் அறுபட்ட துப்பாக்கியை அப்படியே எண்ணெய் போட்டு வையுங்கள்.

பித்தளைத்திருகு:
ஆர்மரரும் ரம்பக்காரரும் ஒன்றா? ஆர்மரர் செய்தது சர்வீஸ், ஒத்துக்கொள்கிறேன். சமையல் மேசையில் வைத்து அறுத்ததையும் வரலாறு என்று கும்பிடச் சொன்னால் எப்படி? மற்றபடி கராண்டில் நடக்கும் கூத்து எஸ்.எம்.எல்.இ-யில் அவ்வளவு சுலபமில்லை. ரிசீவர், பேரல், போல்ட், பின்குறி இலை, நோஸ்கேப், முன்கட்டை என்று எல்லாவற்றிலும் சீரியல் எண் குத்துவார்கள். வெளியிலிருந்து வந்த நோஸ்கேப் தன் பழைய எண்ணோடுதான் வரும்.

எண்ணெய்த்துணி:
அதையே கேட்க நினைத்தேன். நோஸ்கேப் எண்ணை அரைத்துவிட்டு என் எண்ணைக் குத்தலாமா? ராணுவத்திலேயே பழைய எண்ணின் மேல் கோடு போட்டுவிட்டுப் புது எண் குத்தியிருக்கிறார்களே.

பழம்பெட்டி:
நீங்களே பதிலையும் சொல்லிவிட்டீர்கள். அவர்கள் கோடு போட்டார்கள், அரைக்கவில்லை. பழைய எண் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கும். அரைத்தால் அது பழுதுபார்ப்பு இல்லை, பொய்.

பித்தளைத்திருகு:
இதில் மட்டும் பெட்டிக்காரரோடு ஒத்துப்போகிறேன். எண்ணைத் தொடாதீர்கள்.

புதுவரவு_7:
நான் இங்கே புதிது. மன்னிக்கவும், பக்கவாட்டில் இருக்கும் அந்த வட்ட வாலி குறியையும் (வெகுதூரத்துக்குக் கூட்டமாகச் சுடக் குறிபார்ப்பது) சேர்த்தால் அழகாக இருக்குமே?

பித்தளைத்திருகு:
தம்பி, பெயரில் அந்த 'ஸ்டார்' எதற்கு என்று நினைத்தீர்கள்? போரில் உற்பத்தியை வேகப்படுத்த வாலி குறியையும் மேகசினிலிருந்து தோட்டா ஏறாமல் தடுக்கும் கட்ஆஃபையும் விட்டுவிட்டதால்தான் மார்க் 3 ஸ்டார் ஆனது.

பழம்பெட்டி:
மாறிய புதிதில் கையிருப்பில் இருந்த பழைய கட்டைகளைத் தீர்க்க, வாலி குறிக்குக் குடைந்த மரத்தோடு வந்த ஸ்டார்களும் உண்டு. ஆனால் இல்லாத துப்பாக்கியில் புதிதாகக் கொண்டுபோய்ச் சேர்க்க அது சாக்கு ஆகாது.

சுடுகளம்:
அலங்காரம் போதும். எண்ணெய்த்துணி, மீதி இருக்கும் முன்கட்டையைக் கழற்றிப் பார்த்தீர்களா? முன்கட்டையை எடுக்காமல், தோளில் வைக்கும் பின்கட்டையைப் பிடிக்கும் போல்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். போல்ட் நுனி சதுரம். அது முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் மாட்டியிருக்கும். முதலில் அதைத் திருகினால் தகடு திரும்பும், மரம் டப்பென்று பிளக்கும்.

எண்ணெய்த்துணி:
கழற்றிவிட்டேன். எனக்கு முன்னால் யாரோ அதைத்தான் செய்திருக்கிறார்கள். பின்முனையில் மயிரிழைப் பிளவு, ஒரு விரல்கடை நீளம். டிராஸ் முகங்கள் மட்டும் ஆச்சரியமாகக் கூர்மையாக இருக்கின்றன, நசுங்கவே இல்லை.

சுடுகளம்:
அப்படியானால் என் வாதத்தையே மாற்றிக்கொள்கிறேன். அந்தப் பின்பாதியைத் தூக்கி எறியாதீர்கள். பிளவுக்குள் எபாக்சி விட்டு இறுக்கிக் கட்டினால் நின்றுவிடும். இன்னொரு கட்டையின் முன்பாதியை இதோடு இணையுங்கள். இணைப்பு நடு வளையத்துக்கு அடியில் வருகிற மாதிரி வெட்டினால் வெளியே தெரியாது. அந்த இஷாப்பூர் கட்டையே போதும், குறுக்கு ஸ்க்ரூ பின்பாதியோடு போய்விடும்.

பித்தளைத்திருகு:
முழுசாக இருக்கும் ஒரு கட்டையை அறுக்கவா? அந்த வேட்டைக்காரருக்கும் உங்களுக்கும் ரம்பம் ஒன்றுதான். இஷாப்பூர் துப்பாக்கி வைத்திருக்கும் யாரோ ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார். பின்பக்கம் உடைந்த கட்டையாகத் தேடுங்கள். உடைந்ததைக் கேட்டால் ஆச்சரியப்பட்டுக் கொடுப்பார்கள்.

பழம்பெட்டி:
இணைத்தால் பேரல் படுக்கும் குழிக்குள், வெளியே தெரியாத இடத்தில், என்ன செய்தீர்கள் என்பதையும் வருடத்தையும் குத்தி வையுங்கள். அது போதும் எனக்கு.

எண்ணெய்த்துணி:
5 வாரம் கழித்து வருகிறேன். மேகசின் வரைக்கும் பிளந்த ஒரு முன்கட்டை கிடைத்தது, பழைய வால்நட். முன்பாதி சுத்தம், கிரீட முத்திரை தெளிவு. நுனியில் ஒரு சீரியல் எண், அதன் மேல் கோடு, பக்கத்தில் இன்னொரு எண். இரண்டும் என்னுடையது இல்லை.

பித்தளைத்திருகு:
அப்படியென்றால் ஏற்கனவே இரண்டு துப்பாக்கி பார்த்த கட்டை. அப்படியே விடுங்கள். படம் போடுங்கள்.

எண்ணெய்த்துணி:
போடுகிறேன். மெருகுக்கு வார்னிஷ் இல்லை, பச்சை ஆளிவிதை எண்ணெய்தான், கையாலேயே தேய்க்கிறேன். உள்வளையமும் ஸ்க்ரூவும் கிடைத்துவிட்டன. ஸ்ப்ரிங் மட்டும் இல்லை. அண்ணா, உங்களிடம் இன்னொன்று இருக்குமா?

பித்தளைத்திருகு:
இருக்கிறது. தர மாட்டேன்.