ஸ்டார்ட் செய்ததும் அறுந்துபோகும் ப்ளூடூத் அழைப்பு

வணக்கம் நண்பர்களே. பினாங்கில் பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்குத் தினமும் பாலம் தாண்டிக் காரில் வேலைக்குப் போகிறேன். சாவியை ஏசிசி (இன்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவற்றுக்கு மட்டும் மின்சாரம் வரும் நிலை) வரைக்கும் திருப்பினால் கைப்பேசி கார் ரேடியோவுடன் ப்ளூடூத்தில் உடனே இணைகிறது, அம்மா குரல் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் போச்சு! ரேடியோ திரை கறுத்து, மறுபடி லோகோ வந்து, அழைப்பு கைப்பேசிக்கே போய்விடுகிறது. முன்பெல்லாம் தானாகத் திரும்பி வரும், இப்போது வருவதில்லை. கைப்பேசியைக் கையில் எடுத்தால் 300 ரிங்கிட் சம்மன் வேறு.

ஸ்டார்ட்டர் சுழலும்போது ஏசிசி மின்சாரம் கொஞ்சம் தடைபடும் என்பது தெரியும், அது சரி. ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்தால், இன்ஜின் ஓடாமல் சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.4 வோல்ட், ஸ்டார்ட் செய்கையில் 9-க்கும் கீழே இறங்குகிறது. பேட்டரி மேல்தான் எனக்குச் சந்தேகம். பட்டறைக்காரரோ ரேடியோவையே மாற்றச் சொல்கிறார், மனசு ஒப்பவில்லை.

முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாமா, இல்லை ரேடியோவுக்கு நிரந்தர மின்சாரம் தரும் மஞ்சள் ஒயரைச் சோதிக்க வேண்டுமா? அப்புறம், பிறை, பட்டர்வொர்த் பக்கம் ஒயரிங் வேலை நன்றாகத் தெரிந்த அண்ணன் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் காரைக் கொண்டுவர முடியும்.