தீயணைப்புச் சேவைக்கு ‘முன்னேற்றம் தேவை’ என்று தரம் வந்தால் பயப்பட வேண்டுமா?

புதுக்குடி:
இங்கிலாந்துக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. கவுன்சில் வரி பில்லில் தீயணைப்புக்கென்று தனியாகப் பணம் வாங்குகிறார்களே என்று தேடிப் பார்த்தால், எங்கள் பகுதிச் சேவைக்கு ஓர் இடத்தில் ‘முன்னேற்றம் தேவை’ என்று இருக்கிறது. வண்டி லேட்டாக வரும் என்று அர்த்தமா? வீட்டில் நடக்க முடியாத அம்மா இருக்கிறார், அதனால்தான் கேட்கிறேன். இந்தத் தரத்தைப் போடுவது யார், அவர்களே அவர்களுக்கா?

மழைக்கோட்டு:
இல்லை, ஹெச்எம்ஐசிஎஃப்ஆர்எஸ் என்று வாயில் நுழையாத பெயரில் தனி அமைப்பு. 1856இலிருந்து போலீஸை ஆய்வு செய்துவந்தது, 2017இல் இங்கிலாந்தின் தீயணைப்பையும் அதன் தலையில் கட்டினார்கள். தீத்தடுப்பு, கட்டடப் பாதுகாப்பு, அவசர அழைப்புக்குப் போவது, செலவு, ஊழியர்களை நடத்தும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தரம். நீங்கள் பார்த்தது எதன் கீழ்? வண்டி இத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்று நாடு முழுக்க ஒரே கணக்கு கிடையாது, அதை அந்தந்தச் சேவையே வைத்துக்கொள்கிறது.

டீக்கடை பெஞ்ச்:
தரம் போட்டு என்ன, உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லையே. எழுதி வைத்துவிட்டுப் போவார்கள்.

மழைக்கோட்டு:
அதிகாரம் இல்லைதான், ஆனால் எழுதினால் வலிக்கும். லண்டன் தீயணைப்புப் படைக்குள் இனவெறி, பெண்களைக் கேவலமாக நடத்துவது பற்றி 2022 நவம்பரில் முன்னாள் தலைமை அரசு வழக்கறிஞர் நசீர் அஃப்சலின் அறிக்கை வந்தது, டிசம்பரிலேயே இந்த ஆய்வு அமைப்பு அந்தப் படையைத் தீவிரக் கண்காணிப்பில் வைத்தது. அது நாடு முழுக்கச் செய்தியானது.

பழையபேட்டை:
ஒன்று கவனியுங்கள். 2023இல் தொடங்கிய ஆய்வுச் சுற்றில் ‘நன்று’க்கும் ‘முன்னேற்றம் தேவை’க்கும் நடுவில் ‘போதுமானது’ என்று ஒரு தரத்தைச் செருகி, நான்கை ஐந்தாக்கிவிட்டார்கள். பழைய ‘நன்று’ இப்போது ‘போதுமானது’ ஆகியிருந்தால் சேவை கெட்டுப்போனது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அளவுகோலே வேறு.

புதுக்குடி:
பார்த்துவிட்டேன். அவசர அழைப்புக்குப் போவதில் ‘நன்று’. தீத்தடுப்பில்தான் ‘முன்னேற்றம் தேவை’. அப்பாடா.

மழைக்கோட்டு:
அப்பாடா இல்லைங்க, உங்கள் அம்மாவுக்கு அதுதான் முக்கியம்! வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு வந்து புகை அலாரம் பார்த்துக் கொடுப்பதெல்லாம் தீத்தடுப்பில்தான் வரும். இலவசம்தான். அவர்களாக வருவார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே கூப்பிட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். அவசர எண் 999இல் அல்ல, அலுவலக எண்ணில்.

புதுக்குடி:
சரி, போன் போட்டாச்சு. பெயரை எழுதிக்கொண்டார்கள், தேதி சொல்லவில்லை.