பழைய பாய்லரும் அரசு மானியமும்: பிரிட்டனில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு

பிரிட்டனில் முதல் வீடு வாங்கும் நம்மவர்களில் பலருக்கும் அந்த வீட்டோடு சமையலறை மூலையில் பதினைந்து, இருபது வயதான ஒரு கேஸ் பாய்லரும் சேர்ந்தே வந்துவிடுகிறது. குளிர் தொடங்கியதும், "அண்ணா, அரசாங்கம் இலவசமாகப் புது பாய்லர் தருகிறதாமே?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முழுமையான பதிலாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரால் வரும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 மே மாதம் தொடங்கிய 'பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்' புது கேஸ் பாய்லர் வாங்கித் தரும் திட்டமன்று. கேஸ், எண்ணெய் போன்றவற்றால் இயங்கும் பழைய அமைப்பை முழுவதுமாக அகற்றிவிட்டு ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) பொருத்துவோருக்கே பெரும்பாலும் அது உதவுகிறது. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்புக்கு முதலில் 5,000 பவுண்டாக இருந்த மானியம், 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்த்தப்பட்டது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. வீடு உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். விண்ணப்பிப்பது நீங்கள் அல்லர், எம்சிஎஸ் என்ற தரச்சான்று பெற்ற, ஹீட் பம்ப் பொருத்தும் நிறுவனம்தான்; எரிசக்தித் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் உங்களிடம் சம்மதத்தை மட்டும் உறுதிசெய்துகொள்ளும். மானியத் தொகையைக் கழித்த பிறகுள்ள விலையே உங்கள் பில்லில் வர வேண்டும். ஆகவே, மானியம் வாங்கித் தருவதற்கென்று தனியாக முன்பணம் கேட்டு யாராவது வாசலில் வந்து நின்றால் ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள்.

இலவச பாய்லர் என்ற பேச்சு பெரும்பாலும் 2022இல் வந்த, எரிசக்தி நிறுவனங்கள் செலவை ஏற்கும் ஈகோ4 திட்டத்திலிருந்து பிறந்தது. அது 2026ஆம் ஆண்டோடு முடிவதாக அறிவிக்கப்பட்டுள்ளது. யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவித்தொகை பெறுவோரையும், உள்ளூர் கவுன்சில் பரிந்துரைக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களையும் மனதில் வைத்து உருவானது அது. பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனையோடு விசாவில் இருப்பவர்கள் யூனிவர்சல் கிரெடிட் பெற முடியாது என்பதால், உதவித்தொகை வழியாக அதில் நுழைய அவர்களுக்கு இடமில்லை. விளம்பரத்தைப் பார்த்துப் பிறந்த தேதியையும் வங்கி விவரத்தையும் நிரப்பிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் தொலைபேசித் தொல்லைக்கு ஆளானவர்களை எனக்குத் தெரியும், மனம் வலிக்கிறது. ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து வழியாகத் தனித் திட்டம் உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் இதில் எதையும் தேட வேண்டியதில்லை. வெந்நீரையும் ஹீட்டிங்கையும் பழுதின்றி வைத்திருப்பது சட்டப்படி வீட்டு உரிமையாளரின் கடமை.

ஹீட் பம்ப் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதே இனி முக்கியம். காம்பி பாய்லர் தேவைப்படும்போது தண்ணீரைச் சூடாக்கிக் கொடுப்பது. ஹீட் பம்புக்கு வெந்நீரைச் சேமித்து வைக்க ஒரு சிலிண்டர் வேண்டும், அதற்கு அலமாரி அளவு இடம் வேண்டும். ரேடியேட்டருக்குள் ஓடும் நீரும் பாய்லரில் இருப்பதைவிடக் குறைந்த சூட்டில் ஓடுவதால், சில அறைகளில் பெரிய ரேடியேட்டர் தேவைப்படும். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஆள் பத்தே நிமிடம் நின்று மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு விலை சொன்னார். இரண்டாவதாக வந்தவர் ஒவ்வொரு அறையின் நீள அகலத்தையும், ஜன்னல்களின் அளவையும், லாஃப்டில் விரித்திருந்த இன்சுலேஷனின் தடிமனையும் குறித்துக்கொண்டு போக அரை நாள் ஆனது. அப்படி அளந்து கணக்கிடுபவரிடமே வேலையைக் கொடுங்கள்.

இடமில்லாமல் சொந்தச் செலவில் கேஸ் பாய்லரையே மாற்றுவதானால், வருபவரின் கேஸ் சேஃப் அட்டையை (கேஸ் வேலை செய்யச் சட்டப்படி பதிவு பெற்றவர் என்பதற்கான அடையாள அட்டை) கேட்டு வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் இருக்கும். வேலை முடிந்தபின் கட்டட விதிகளுக்கான சான்றிதழ் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று கவனியுங்கள். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அதைத்தான் கேட்பார்.

உறைபனி நாளில் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றுவிட்டால் ஆயுள் முடிந்தது என்று பதறாதீர்கள். எங்கள் முதல் குளிர்காலத்தில் அப்படித்தான் நின்றது. பின்சுவரிலிருந்து வெளியே வரும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்க்குள் கழிவுநீர் உறைந்திருந்தது. கொதிநீராக அல்லாமல் வெதுவெதுப்பான நீரை அதன்மேல் மெல்ல ஊற்றி, பாய்லரை ரீசெட் செய்ததும் ஓடத் தொடங்கியது.

உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தால் மே, ஜூன் மாதங்களில் மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். மானிய வவுச்சர் கிடைத்தபின் வேலையை முடிக்க மூன்று மாதம் அவகாசம் உண்டு, கோடையில் சில நாள் ஹீட்டிங் இல்லாமல் இருந்தாலும் சமாளிக்கலாம். ஜனவரி இரவில், கைக்குழந்தை குளிரில் அழும்போது, எந்த விலைக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.