ரிப்பீட்டர்: தலையெழுத்தை விழுங்கும் பெட்டிக்கு ஒரு பெயர்

செங்கோட்டையிலிருந்து, ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ரிப்பீட்டர் என்றால், உயரத்தில் நின்று நம் வானொலிக் கருவிகளின் குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி. அதற்குத் தமிழில் ‘மறுபரப்பி’ என்றே வைத்துக்கொள்வோம் என்று போன மாதம் நம் கலைச்சொல் குழுவில் முடிவானது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கு அந்தக் கையை இறக்கிக்கொள்கிறேன். இலக்கணப் பிழை எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. எல்லாம் ஒரு பேட்டரியால் வந்த வினை.

சாரல் தொடங்கியதும் எங்கள் ஹாம் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்கள்) கூட்டம் ஒரு ஞாயிறு முழுக்கப் பயிற்சி வைப்பது வழக்கம். மழையில் மரம் விழுந்து கரண்டும் செல்போனும் போய்விட்டால் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எப்படிப் பேசிக்கொள்வது என்பதுதான் பாடம். ஒருவர் புளியரையில், ஒருவர் கோட்டைவாசலில், ஒருவர் ஆரியங்காவில், மற்றவர்கள் என் வீட்டு மொட்டைமாடியில். எல்லார் கையிலும் 5 வாட் கருவி. நடுவில் நிற்கும் மலை அந்த 5 வாட்டை மதிப்பதே இல்லை. அதனால் தெரிந்தவர் ஒருவரின் எஸ்டேட் வீட்டு மாடியில், முறைப்படி அனுமதி வாங்கி, ரிப்பீட்டர் பெட்டியை வைத்திருந்தோம்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஆரியங்காவு அண்ணாச்சி கூப்பிட்டார். அவர் சொன்னது: “மறுபரப்பிக்கு பேட்டரி இறங்குது, உடனே ஒண்ணு கொண்டு வாங்க.” எங்கள் காதில் விழுந்தது: “பரப்பிக்கு பேட்டரி இறங்குது, உடனே ஒண்ணு கொண்டு வாங்க.” பரப்பி என்றால் எங்களுக்கு டிரான்ஸ்மிட்டர். அவர் கையில் இருப்பதும் அதுதானே? ஒரு பையன் கைக்கருவிக்கான பேட்டரி இரண்டை பாலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, தூறலில் எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு போய்ச் சேர்ந்தான். அண்ணாச்சி டீக்கடையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தாராம். “எனக்கு எதுக்குடே இது? என்கிட்ட ஃபுல்லா இருக்கே” என்றிருக்கிறார். அதற்குள் மலைமேல் பெட்டி மூச்சை நிறுத்திவிட்டது. அதற்கு வேண்டியிருந்தது கார் பேட்டரி. அது சார்ஜ் ஏறி என் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

‘மறு’ எங்கே போனது? பெட்டி தின்றுவிட்டது.

குழுவில் ஹாம் அல்லாதவர்களும் இருப்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். ரிப்பீட்டர் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும், ஆனால் வாய் திறக்காது. நம் கருவி குரலோடு சேர்த்து ஒரு தாழ்ந்த சுருதியையும் அனுப்பும். கேட்பவர் காதுக்கு அது எட்டாது. பெட்டி அந்தச் சுருதியைப் பிடித்து, ‘நம்ம ஆள்தான்’ என்று தெளிந்த பிறகே பேச ஆரம்பிக்கும். 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிற சுருதியைச் சரியாக அடையாளம் காண்பதற்குச் சில அலைகளாவது கடந்து போக வேண்டும். கால் நொடி அதிலேயே போய்விடும். போதாததற்கு, கேட்பவரின் கைக்கருவி பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிட்டுத் தூங்கி விழிக்கும். ‘பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு பொறுத்து, அப்புறம் பேசு’ என்று புதிதாக வருகிற எல்லாருக்கும் சொல்லித்தான் தருகிறோம். அவசரத்தில் யார் பொறுக்கிறார்கள்? முதல் அசை போகும், பல நேரம் இரண்டாவதும் கூடவே போகும்.

நாம் கலைச்சொல் ஆக்குகிற விதத்தைப் பாருங்கள். மறு, மீள், எதிர், துணை, இணை என்று வேறுபாட்டையெல்லாம் சொல்லின் தலையில் வைக்கிறோம். தாளில் அது அழகு. காற்றில் முதலில் சாவது அந்தத் தலைதான். தலை போன பிறகு மிச்சம் நிற்கும் சொல் வேறொரு பொருளின் பெயராக இருந்தால் மழையில் ஒரு பையன் வீணாக மலையேறுவான். ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: ரிப்பீட்டருக்கு வைக்கிற பெயர் அந்த ரிப்பீட்டர் வழியாகவே போய், முதல் அசையை இழந்த பிறகும், தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

மற்ற பரிந்துரைகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தேன்.

> எதிரொலிப்பான் என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியுமே?

புரியும், தப்பாகப் புரியும். எதிரொலி கூப்பிட்டவனுக்கே திரும்பி வருவது. ரிப்பீட்டர் கூப்பிட்டவனிடம் எதையும் திருப்பித் தருவதில்லை. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள நம் இரண்டு மீட்டர் பட்டையில் ஓர் அலைவெண்ணில் கேட்கிறது. அதே நேரத்தில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னோர் அலைவெண்ணில் அதை உரக்கச் சொல்கிறது. ஒரே ஆன்டெனாவில் கத்திக்கொண்டே அடுத்தவர் கிசுகிசுப்பதையும் கேட்கிற வித்தை அது. தன் கத்தல் தன் காதை அடைக்காதபடி பிரித்து நிறுத்துவதற்குத்தான் டூப்ளெக்ஸர் என்று உயர உயரமாக உலோகக் குழல்களை நிற்க வைக்கிறோம். எங்கள் கூட்டத்தில் அவற்றுக்குப் பெயர் ‘புட்டுக்குழாய்’. பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். இதை அகராதியில் சேர்க்கலாமா என்று கேட்டால் பெரியவர்கள் அடிக்க வருவார்கள், அதனால் கேட்கவில்லை.

> சுமைதாங்கி மாதிரி ‘அலைதாங்கி’?

படமாக நினைத்தால் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஆன்டெனாவை ஏற்கெனவே ‘அலைவாங்கி’ என்கிறோம். (அது அலையை அனுப்பவும் செய்கிறது, பெயரில் மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. அது தனிச் சண்டை.) இரைச்சலில் தாங்கிக்கும் வாங்கிக்கும் என்ன வித்தியாசம் கேட்டுவிடப் போகிறது?

சரி, என் பங்குக்கு ஒன்று: அஞ்சலோட்டி.

அஞ்சல் என்றதும் தபால் ஞாபகம் வரும், தெரியும். ஆனால் நம் வானொலி நிலையங்கள் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொன்று வாங்கி ஒலிபரப்புவதை ‘அஞ்சல் செய்வது’ என்றுதான் சொல்லிவந்திருக்கின்றன. இலங்கையில் தொடர் ஓட்டத்தை அஞ்சல் ஓட்டம் என்பார்கள். கைமாற்றி அனுப்புவது என்ற பொருள் சொல்லுக்குள் உயிரோடுதான் இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்ச் சீமை. திருவிதாங்கூருக்குச் சொந்தத் தபால் இருந்தது, அதன் பெயரே அஞ்சல். 1951-இல் அது இந்தியத் தபால் துறையோடு கலந்தது. மணி கட்டிய கோலைக் கையில் பிடித்துக்கொண்டு பையைச் சுமந்து ஓடுகிற அஞ்சலோட்டக்காரனுக்கு வழியில் எல்லாரும் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒருவர் ஓடி வந்த பையை அடுத்தவர் வாங்கிக்கொண்டு ஓடுவார். புனலூர்ப் பக்கத்து ஹாம் நண்பர்களுக்கு மலையாளத்திலும் இதே சொல்தான். ‘மறுபரப்பி’ என்று சொன்னால் அவர்கள் முழிக்கிறார்கள். ‘அஞ்சலோட்டம்’ என்று சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் புரிந்துவிடுகிறது. எல்லையில் இருப்பவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

‘அ’ போனால் ‘ஞ்சலோட்டி’, அதுவும் தேய்ந்தால் ‘சலோட்டி’. பரப்பியோடும் வாங்கியோடும் குழம்பாது. நெடில் ஓகாரமும் வல்லின இரட்டையும் சேர்ந்து வருவதால் இரைச்சலுக்கு மேலே எழும்பி நிற்கும்.

கருத்துச் சொல்லுங்கள். திட்டுவதானாலும் சரி.

*

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, திங்கள் காலை

அண்ணா, வணக்கமுங்க.

பேட்டரி கதையைப் படித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். ஆனால் சொல்லில் எனக்கு மூன்று குத்தல்.

ஒன்று, மின்னஞ்சல் என்று ஒன்று வந்து உட்கார்ந்துவிட்ட காலம் இது. அஞ்சலோட்டி என்றால் கூரியர் பையன் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு, ஓட்டக்காரன் ஓடினான். ரிப்பீட்டர் மலைமேல் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருப்பதை ஓட்டி என்றால் எப்படிங்க? மூன்று, நான் முன்பு சொன்ன ‘கிளிப்பிள்ளை’யை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. சொன்னதைச் சொல்வது கிளிப்பிள்ளை. இதைவிட என்ன வேண்டும்?

எங்களுக்கு இங்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. காற்று வருகிற வழியில் அலையும் வந்துவிடும். மலைமேல் பெட்டி தூக்கிப் போகிற பாடு உங்கள் அளவுக்கு இல்லை. அதனால் அவசரம் இல்லாமல் யோசிக்கிறேன்.

*

செங்கோட்டையிலிருந்து, திங்கள் இரவு

தம்பி,

கிளிப்பிள்ளையை மறக்கவில்லை, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். ரிப்பீட்டரிலேயே இன்னொரு வகை உண்டே: ஒரே அலைவெண்ணில் நாம் பேசி முடிக்கும் வரை பதிந்துகொண்டு, முடித்த பிறகு அப்படியே ஒப்பிக்கும். புட்டுக்குழாய் எதுவும் வேண்டாத ஏழை வீட்டுப் பெட்டி. அதுதான் அசல் கிளிப்பிள்ளை. அந்தப் பெயரை அதற்குக் கொடுத்துவிடுவோம். நாம் சொல்வது இன்னொன்று. பேசப் பேசவே கைமாற்றுவது.

உட்கார்ந்திருப்பதைப் பற்றி. ஓடுவது வேறு, ஓட்டுவது வேறு. மாடு ஓடும், மாட்டை ஓட்டுகிறவன் வண்டியில் உட்கார்ந்துதான் இருப்பான். ஓடுவது அலை, ஓட்டுவது பெட்டி. உட்கார்ந்த இடம் உயரமாக இருக்கிற வரைக்கும் அது உட்காரட்டும். 900 மீட்டரில் வைத்தால் உயரத்தின் வர்க்கமூலம் 30, அதை 4.12-ஆல் பெருக்கினால் சுமார் 124 கிலோமீட்டர். நடுவில் வேறு மலை மறைக்காவிட்டால் அதன் அடிவானம் அவ்வளவு தூரம். அதே கணக்கில் சமதரையில் நின்று ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்திருக்கிறவனுக்கு 5 கிலோமீட்டர். அலையை ஓட்டுவதற்கு இதைவிட நல்ல இருக்கை ஏது?

கூரியர் பையன் குழப்பம் மட்டும் நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

*

செங்கோட்டையிலிருந்து, அடுத்த ஞாயிறு

அனைவருக்கும் வணக்கம். நான் இந்தக் கூட்டத்தில் புதியவள், சோதனைக்கு நான் பொறுப்பு என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்கள்.

இன்று மாலை நான்கு சொற்களை ரிப்பீட்டர் வழியாக வாசித்தேன். பொத்தானை அழுத்திய கையோடு, மூச்சு பொறுக்காமல், வேண்டுமென்றே அவசரமாக. என்னென்ன சொற்கள் என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏழு பேர் காதில் விழுந்ததை அப்படியே எழுதி அனுப்பினார்கள்.

மறுபரப்பி: ஆறு பேர் ‘பரப்பி’. ஒருவர் ‘நிரப்பி’. அலைதாங்கி: யாருமே சரியாக எழுதவில்லை. நாலு பேர் ‘வாங்கி’, மற்றவர்கள் ‘ஏங்கி’, ‘தூங்கி’ என்றெல்லாம். கிளிப்பிள்ளைக்கு எல்லாருக்குமே ‘பிள்ளை’ மட்டும் கேட்டிருக்கிறது. கடையநல்லூரிலிருந்து ஒருவர், ‘யாரோ ஒரு பிள்ளைவாள், முழுப் பெயர் விழவில்லை, திரும்பச் சொல்லவும்’ என்று எழுதியிருந்தார்.

அஞ்சலோட்டி: இரண்டு பேருக்கு முழுச் சொல்லும் கிடைத்தது. ஐந்து பேர் ‘சலோட்டி’ என்று எழுதி, அதன் பக்கத்திலேயே ‘ரிப்பீட்டரைச் சொல்கிறாயா?’ என்று கேட்டிருந்தார்கள். ஐந்து பேரும் இந்தக் குழுவில் இருக்கிறவர்கள், முன்பே படித்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிக்காதவர்களை வைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் ஆரியங்காவு அண்ணாச்சி கூப்பிட்டார்கள். இந்த முறை அவர்களே புது பேட்டரியோடு மேலே போயிருந்தார்கள். பொத்தானை அழுத்தி நிதானமாக மூச்சு பொறுத்துத்தான் பேசினார்கள், முதல் அசைகூடக் குறையாமல் தெளிவாக வந்தது.

“சலோட்டிக்கு பேட்டரி போட்டாச்சு.”