ஹெர்பேரியம் தாளுக்குத் தமிழில் என்ன பெயர்?

பாளையங்கோட்டையிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இளநிலைத் தாவரவியல் மாணவர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஓர் இயல், அமெரிக்கத் தென்மேற்குப் பாலைநிலத்தின் செங்குத்துப் பள்ளத்தாக்குகளில் ஊற்று கசியும் இடங்களில் வளரும் இம்பெராட்டா பிரெவிஃபோலியா என்னும், அந்த மண்ணுக்குரிய புல்லைப் பற்றிய ஹெர்பேரியம் பதிவுகளைப் படித்தறிவது. செடியை அழுத்தி உலர்த்தி, ஒட்டி, விவரச்சீட்டு இணைத்த அந்த ஒற்றைத் தாளுக்கு ஒரு சொல் வேண்டும். நம் மாணவர்கள் தாளையும் ஹெர்பேரியம் என்கிறார்கள், தாள்களை அடுக்கிய அறையையும் ஹெர்பேரியம் என்கிறார்கள். ‘உலர்தாவர மாதிரி’ என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

உடன்குடியிலிருந்து:

‘பாடம் செய்தல்’ நம் சீமையில் இன்னும் வழக்கில் உள்ளதே! புகையிலையைப் பாடம் செய்கிறோம். தோலைப் பாடம் செய்கிறோம். எழுதுவதற்குரிய ஓலையையும் முன்னோர் பாடம் செய்தார்கள். பள்ளிப் பாடம் வடமொழி வழி வந்தது. இந்தப் பாடமோ, சுடு என்பது சூடு ஆவதுபோலப் படு என்பது முதல் நீண்டு பாடு ஆகி, அம் ஈறு பெற்றது என்பது என் துணிபு. அழுந்திப் படிதல் என்ற பொருள் அதனுள்ளேயே கிடக்கிறது. மேலும், புறத்தே காழ் (வைரம்) உடையதைப் புல் என்று தொல்காப்பிய மரபியல் வகுப்பதால் பனையும் புல்லே ஆகும். எனவே ஓலையைப் பாடம் செய்தவர்கள் புல்லைத்தான் பாடம் செய்தார்கள். ‘பாடச்செடி’ என்பது என் பரிந்துரை. செங்குத்துப் பள்ளத்தாக்கு என்று நீட்டுவதற்குப் பதிலாக ‘விடர்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி காட்டும் வேர் அழகானது. ஆனால் ‘பாடச்செடி’ என்பதைப் பாடத்திட்டத்தில் உள்ள செடி என்றுதான் மாணவர் கொள்வார். என் மறுப்பு அதோடு நிற்கவில்லை. உலர்த்துவது செய்முறை, தாளின் பயன் அதில் இல்லை. எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர், அவர் இட்ட எண், நிலத்தின் தன்மை ஆகியவற்றைச் சொல்லும் சீட்டு கிழிந்துபோனால், எவ்வளவு நேர்த்தியாக உலர்ந்திருந்தாலும் அந்தப் புல் வெறும் வைக்கோல்தான்.

இம்பெராட்டாவையே பாருங்கள். தர்ப்பை என்னும் பெயரில் வழங்கும் புற்களுள் ஒன்றான இம்பெராட்டா சிலிண்ட்ரிகாவின் பூவில் மகரந்தத்தாள் இரண்டு. 1886இல் தாவரவியலாளர் ஜார்ஜ் வேஸி பெயரிட்ட பிரெவிஃபோலியாவில் ஒன்றே ஒன்று. சேகரித்தவர் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டாலும், ஹெர்பேரியம் தாள் இருக்குமானால் நூறாண்டு கழித்து வேறொருவர் பூவை உருப்பெருக்கியில் பார்த்து, பழைய பெயரை அழிக்காமல் அருகே புதிய சீட்டை ஒட்டித் திருத்த முடியும். ஊற்று வற்றிப்போன ஒரு பள்ளத்தாக்கில் அந்தப் புல் முன்பு நின்றதென்று சொல்ல, பல வேளைகளில் அத்தாளைத் தவிர வேறு சாட்சி இராது. ஆகவே ‘செடிச்சான்று’ என்போம். அவை சேரும் இடத்தைச் ‘செடிச்சான்றகம்’ என்போம். பிறப்புச் சான்று, சாதிச் சான்று என்று ஊரில் எல்லாரும் அறிந்த சொல் இது.

கோவில்பட்டியிலிருந்து:

ஹெர்பேரியம் என்றே விட்டுவிடுங்கள். கோயம்புத்தூரிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு நாளை போகும் மாணவர் அந்தச் சொல்லைத்தான் வாசலில் கேட்பார்.

உடன்குடியிலிருந்து:

நிழற்படமும் செடிக்குச் சான்றுதான், மண்ணில் படிந்த மகரந்தத்துகளும் சான்றுதான். அழுத்தி உலர்த்தியது என்ற வேறுபாடு அம்பாசமுத்திரத்து அம்மா தந்த சொல்லில் எங்கே இருக்கிறது? சான்று என்பது அத்தாளின் பயனைச் சொல்கிறதே அன்றிப் பொருளைச் சொல்லவில்லை. இதை நான் ஏற்கவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

பெரும்பாலோர் ஒப்பியபடி ‘செடிச்சான்று’ அச்சுக்குப் போகிறது. முதல் இடத்தில் மட்டும் ஹெர்பேரியம் தாள் என்ற விளக்கம் அடியில் வரும். ‘பாடம் செய்தல்’ என்பதை உலர்த்தும் முறையை விளக்கும் பத்தியில் வினையாக ஆண்டிருக்கிறேன், அண்ணாச்சி. விடர் என்பது மலைப்பிளவு. ஆறு அறுத்த நெடிய பள்ளத்துக்கு அது பொருந்துமா என்று உறுதியாகாததால் பள்ளத்தாக்கு என்றே விட்டிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் யாரேனும் எழுதினால் மாற்றலாம்.